தனியாக விளையாடத் தெரியாத கிளிக்குப் பயிற்சியா, துணையா?

நொய்யல்கரை:
கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் வசிக்கிறோம். எங்களிடம் ஒன்றரை வயதுள்ள சன் கொன்யூர் என்ற சிறு கிளி ஒன்று இருக்கிறது, பெயர் பப்பாளி. நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால் அயல்நாட்டு இனத்தைத் தேர்ந்தெடுத்தோம். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பதிவும் செய்துவிட்டோம். ஆகவே அந்த விவாதத்தை இங்கே தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று வாரக் குஞ்சாக வாங்கி, கையால் கூழ் ஊட்டி வளர்த்தேன். முதல் ஓராண்டு நான் வீட்டிலிருந்தே வேலை செய்ததால் அது பகல் முழுவதும் என் தோளிலேயே இருந்தது. இப்போது வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் செல்கிறேன். அந்த நாட்களில் வீட்டில் இருக்கும் என் மாமியார், நான் கிளம்பிய அரைமணி நேரத்தில் அது அடங்கிவிடுகிறது என்கிறார். நான் வீட்டில் இருந்துகொண்டே அதைக் கவனிக்காத வேளைதான் சிக்கலாக இருக்கிறது. மடிக்கணினியைத் திறந்தாலும், அலைபேசியை எடுத்தாலும், அடுப்படிக்குள் நுழைந்தாலும் காது கிழியக் கத்துகிறது. இரண்டாயிரம் ரூபாய்க்கு விளையாட்டுப் பொருட்கள் வாங்கிப் போட்டேன், ஒன்றையும் தொடவில்லை. மணி கட்டிய மர ஊஞ்சலைக் கண்டால் கூண்டின் மறுமூலைக்கு ஓடுகிறது. கத்தினால் கண்டுகொள்ளக் கூடாது என்று எங்கோ படித்துவிட்டு ஒரு வாரம் முயன்றபோது கத்தல் இரட்டிப்பானது. ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டவே, ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டேன். ஒரு மணி நேரமாவது தனியாக விளையாட இதற்குக் கற்பிக்க முடியுமா?

பொறுமை:
முடியும். நீங்கள் தொடங்கிய வழி சரியானதே. நிறுத்திய நாள்தான் தவறானது. அணையப்போகும் விளக்கு சுடர்விட்டு எரியும் என்பார்கள் அல்லவா, ஒரு பழக்கத்துக்குக் கிடைத்துவந்த பலன் திடீரென நின்றுபோனால் அந்தப் பழக்கம் மறைவதற்கு முன் அப்படித்தான் ஒருமுறை உச்சத்துக்குப் போகும். அந்த உச்சத்தில் நீங்கள் ஓடிப்போய்த் தூக்கியதால், பத்து முறை கத்தினால் வராதவர் நூறு முறை கத்தினால் வருவார் என்பதைப் பப்பாளி கற்றுக்கொண்டது. இனி அது நூறிலிருந்து தொடங்கும். உங்கள் மாமியாரிடம் அது கத்துவதில்லை என்பதைக் கவனியுங்கள். அவரிடம் கத்திப் பயனில்லை என்று அதற்குத் தெரியும்.

கத்தும்போது அறையை விட்டு வெளியேறுங்கள், கண்ணால்கூடப் பார்க்காதீர்கள். ஐந்து நொடி அமைதியாக இருந்தால் உள்ளே வந்து சூரியகாந்தி விதை ஒன்று கொடுங்கள். பிறகு அந்த ஐந்து நொடியைப் பத்தாக்குங்கள், பத்தை இருபதாக்குங்கள்.

கூட்டுப்பறவை:
பொறுமை ஐயா சொல்வது எலிக்கும் புறாவுக்கும் ஆய்வுக்கூடத்தில் எழுதப்பட்ட விதி. அது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பறவை எதற்காகக் கத்துகிறது என்ற கேள்வியை அது தொடவே இல்லை. சன் கொன்யூர் கயானாவிலும் பிரேசிலின் வடகோடியிலும் கூட்டமாகத் திரியும் இனம். பார்வையிலிருந்து ஒரு பறவை மறைந்தால் மற்றது குரல் கொடுக்கும், மறைந்தது பதில் குரல் கொடுக்கும். அந்தப் பதில் வராவிட்டால் கூட்டத்தை இழந்துவிட்டோம் என்று பொருள். நீங்கள் அடுப்படிக்குப் போனதும் அது கேட்பது "அங்கே இருக்கிறாயா?" என்பதைத்தான். பதில் சொல்லாமல் அறையை விட்டு வெளியேறுவதைப் பயிற்சி என்று அழைப்பது எனக்கு ஒப்பவில்லை.

மேலும், தனியாக விளையாடக் கற்பிப்பது யாருடைய வசதிக்காக? சுவிட்சர்லாந்தில் 2008 முதல் நடப்பில் உள்ள விலங்குப் பாதுகாப்பு விதிகள் கூட்டமாக வாழும் கிளிகளைத் தனியே வளர்ப்பதை ஏற்பதில்லை. இதற்குத் தேவை இன்னொரு கொன்யூர்.

பொறுமை:
சுவிட்சர்லாந்தின் சட்டத்தைக் கோவையின் அடுக்குமாடியில் செயல்படுத்தினால் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு முறை கதவைத் தட்டுவார். இரண்டாவது பறவை வந்தால் குறைந்தது முப்பது நாள் தனி அறையில் வைத்து நோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும்; அதன்பின் இரண்டும் ஒத்துப்போகும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. சண்டையில் கால்விரல் போன கொன்யூரை நானே மருத்துவரிடம் தூக்கிச் சென்றிருக்கிறேன். அதைவிட, வேலை கொடுத்தால் பறவை மாறும் என்பதற்குச் சான்று உண்டு. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இளம் அமேசான் கிளிகளை வைத்து நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், இரையைத் தேடி எடுக்கும் அமைப்புகளும் ஏறி இறங்கும் வசதிகளும் பெற்ற பறவைகளிடம் தம் இறகைத் தாமே பிடுங்கும் பழக்கம் குறைந்தது. துணைப்பறவையைச் சேர்க்காமலே இது நடந்தது.

கூட்டுப்பறவை:
அந்த ஆய்வை எடுத்துக்காட்டியதற்கு நன்றி. அதே ஆய்வுக்குழு அதே 2003இல் இன்னொரு கட்டுரையும் வெளியிட்டது; அதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று தெரியவில்லை. அதில் ஒரே பாலினத்தைச் சேர்ந்த இரண்டு இளம் அமேசான் கிளிகளை ஒன்றாக வைத்தபோது, தனியாக வைக்கப்பட்டவற்றைவிட அவை குறைவாகக் கத்தின. கூண்டில் வைத்த பொருட்களைக் கூடுதலாகப் பயன்படுத்தின. புதுப்பொருளைக் கண்டு அஞ்சுவதும் குறைந்தது. மனிதரோடு இருந்த பழக்கமும் கெட்டுப்போகவில்லை. ஊஞ்சலைக் கண்டு மூலைக்கு ஓடும் பப்பாளிக்கு இதைவிட நெருக்கமான சான்று வேறென்ன வேண்டும்?

பொறுமை:
ஏற்கிறேன், அந்தக் கட்டுரையும் உண்மைதான். ஆனால் அவை இளமையிலேயே சேர்த்து வைக்கப்பட்டவை. பப்பாளியோ மூன்றாம் வாரத்திலிருந்து வேறு கொன்யூர் முகத்தையே பார்த்ததில்லை. தன்னை மனிதக் கூட்டத்தின் உறுப்பாகவே நினைத்து வளர்ந்திருக்கிறது. புதிதாக வருவதை அது துணையாக எண்ணும் என்பதைவிட, தோளுக்குப் போட்டியாக எண்ணும் என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

பக்கத்துவீடு:
எனக்குக் கிளி இல்லை. எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறது. இந்த இழையை முதலிலிருந்து மிகுந்த ஆர்வத்தோடு வாசித்து வருகிறேன். தயவுசெய்து விரைவில் ஒரு முடிவுக்கு வாருங்கள்.

கொட்டாங்குச்சி:
இருபது ஆண்டுகளாக வளைந்த அலகுகளுடன் காலம் தள்ளுபவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் இருவரும் ஒரு கேள்வியைக் கேட்காமலே சண்டையிடுகிறீர்கள். பப்பாளிக்கு விளையாடத் தெரியுமா? காட்டில் குஞ்சு தாய் தந்தையோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருந்து, எந்தப் பட்டையை உரிக்கலாம், எந்தக் காயைக் கிள்ளலாம் என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்கிறது. மூன்றாம் வாரத்தில் கைக்கு வந்த குஞ்சுக்கு நொய்யல்கரை அம்மா ஒருவரே ஆசிரியர். அந்த ஆசிரியர் நாள்முழுதும் எதை வைத்து விளையாடியிருக்கிறார்? மடிக்கணினி, அலைபேசி, கரண்டி. அந்த மூன்றை எடுக்கும்போதுதான் அது கத்துகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஊஞ்சலை நீங்கள் ஒருநாளும் கடித்துக் காட்டியதில்லையே!

ஆகவே முதல் வாரம் கூண்டுக்குள் புதிதாக எதையும் மாட்டாதீர்கள். தரையில் உட்கார்ந்து, பறவைக்குப் பாதி முதுகைக் காட்டியபடி, பனங்குருத்தோலையை நீங்களே கிழியுங்கள். சத்தம் வரட்டும், சிரியுங்கள், சுவாரசியம் உங்களுடையதாக இருக்கட்டும். அதனிடம் நீட்டாதீர்கள், நீட்டினால் அது சந்தேகப்படும், மறைத்தால் பறிக்க வரும். பறிக்க வந்ததும் சிறிது இழுபறிக்குப் பின் தோற்றுக்கொடுங்கள். பாக்குமட்டைத் துண்டு, மக்காச்சோளத் தோகை, முருங்கைக்கீரையின் ஈர்க்கு, நன்றாகத் தேய்த்துக் கழுவிய கொட்டாங்குச்சி ஆகியவை போதும். இரண்டாயிரம் ரூபாய் தேவையில்லை. பூஞ்சை பிடித்த மட்டையைத் தூக்கி எறிந்துவிடுங்கள். நைந்த பருத்திக் கயிறு விரலில் சுற்றிக்கொள்ளும், விழுங்கினால் இரைப்பையில் அடைத்துக்கொள்ளும். துத்தநாக முலாம் பூசிய கம்பி நஞ்சு. கடையில் வாங்கிய ஊஞ்சலின் மணியில் கீறல் போன்ற இடைவெளி இருந்தால் கழற்றிவிடுங்கள். அலகும் விரலும் அதில் சிக்கும்.

இரண்டாம் வாரம் ஒரு சிறிய மூங்கில் முறத்தில் கசக்கிய வெள்ளைத் தாள் உருண்டைகளைப் பரப்பி, நாலைந்தில் மட்டும் சூரியகாந்தி விதையைப் பொதிந்து வையுங்கள். உங்கள் மேசைமேல், மடிக்கணினிக்கு அருகிலேயே இருக்கட்டும். அது அதன் வேலையைச் செய்ய, நீங்கள் உங்கள் வேலையைச் செய்யுங்கள். காட்டிலும் கூட்டம் இப்படித்தான் ஒரே மரத்தில் ஆளுக்கொரு கிளையில் மேய்கிறது. தனியாக விளையாடுவது என்பதை ஒரு கைநீளத் தூரத்தில் தொடங்கி, சில நாட்களுக்கு ஒருமுறை முறத்தை ஒரு சாண் நகர்த்திச் சென்றால், ஒரு மாதத்தில் அது அறையின் மறுகோடியில் இருக்கும். நேரமும் முக்கியம். காலையும் மாலையும்தான் இரை தேடும் பொழுது. நண்பகலில் தூங்கும் பறவையிடம் விளையாடச் சொல்லக் கூடாது. கூடத்தில் இரவு பதினொரு மணிவரை தொலைக்காட்சி ஓடுமானால் அதையும் சரிசெய்யுங்கள். பத்து, பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் இல்லாத கிளிக்கு எந்தப் பயிற்சியும் ஏறாது.

கடைசியாக ஒன்று. அது விளையாடும்போது வாயைத் திறக்காதீர்கள்.

பொறுமை:
மற்ற அனைத்தையும் ஏற்கிறேன். கடைசி வரியை ஏற்க முடியாது. விரும்பத்தக்க செயலை அது நிகழும் கணத்திலேயே பாராட்டாவிட்டால், எதற்காகப் பலன் கிடைக்கிறது என்பது பறவைக்கு எப்படித் தெரியும்?

கொட்டாங்குச்சி:
பாராட்டினால் உடனே தோளுக்கு வந்துவிடுமே, ஐயா! வாயால் வேண்டாம். அந்த அம்மா அருகில் நடந்து போகும்போது, பார்க்காமலே ஒரு விதையை முறத்தில் போட்டுவிட்டுப் போகட்டும். பலன் முறத்திலிருந்து வரவேண்டும், முகத்திலிருந்து வரக் கூடாது.

கூட்டுப்பறவை:
கொட்டாங்குச்சி ஐயாவின் முறையில் எனக்கு ஒரே அச்சம்தான். விதைக்காக வேலை செய்ய வேண்டும் என்பதற்காகக் கிண்ணத்தைக் காலியாக வைக்கும் வழக்கம் இங்கே பலரிடம் உண்டு. நூறு கிராம் சொச்சமே எடையுள்ள பறவை அது.

கொட்டாங்குச்சி:
கிண்ணம் வழக்கம்போல் இருக்கட்டும். காய், கீரை, ஊறவைத்த தானியம் எல்லாம் அதில் இருக்க, சூரியகாந்தி விதை மட்டும் முறத்தில் கிடைக்கட்டும். கிண்ணத்தில் அதே இரை இருந்தாலும் மெனக்கெட்டு எடுப்பதையே பல கிளிகள் விரும்பும் என்பதை நீங்களே காண்பீர்கள். சமையலறைத் தராசில் காலைதோறும் எடை பார்த்துக் குறித்துவைத்தால் உங்கள் அச்சமும் தீரும்.

நொய்யல்கரை:
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். பனையோலை முதல் மூன்று நாள் எனக்கே விளையாட்டாக முடிந்தது. மாமியார் என்னை விசித்திரமாகப் பார்த்தார். நான்காம் நாள் பறித்துக்கொண்டு ஓடியது. முறத்தில் முதல்நாள் அரை நிமிடம் இருந்தது. நேற்று 22 நிமிடம். முறம் இப்போது மேசையிலிருந்து நான்கடி தள்ளி இருக்கிறது. பாராட்டு விஷயத்தில் இரண்டையும் செய்துபார்த்தேன். "சமத்து" என்று சொன்ன நாட்களில் தாளைப் போட்டுவிட்டுத் தோளுக்கு வந்தது. பேசாமல் விதையைப் போட்ட நாட்களில் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மணியைக் கழற்றி, அந்த ஊஞ்சலின் மரத்துண்டுகளை முறத்தில் போட்டேன், சிதைத்துவிட்டது. எடை குறையவில்லை. அடுப்படியிலிருந்து சீழ்க்கை அடித்துப் பதில் சொல்கிறேன். அது மெதுவாகக் கூப்பிட்டால் மட்டும், கத்தினால் இல்லை. இது கூட்டுப்பறவையும் பொறுமையும் ஒப்புக்கொள்ளும் இடமா என்று தெரியவில்லை.

பொறுமை:
ஒப்புக்கொள்கிறேன். முதல் மெல்லிய குரலுக்கே பதில் கிடைத்தால் கத்தும் தேவை எழாது. நான் தொடக்கத்தில் எழுதியதில் இது விடுபட்டிருந்தது.

கூட்டுப்பறவை:
மகிழ்ச்சி, உள்ளபடியே மகிழ்ச்சி. ஆனால் 22 நிமிடத்தை வைத்து நான் என் கருத்தை விட்டுவிடவில்லை. நீங்கள் அலுவலகம் போகும் மூன்று நாளில் அரைமணி நேரத்தில் "அடங்கிவிடுகிறது" என்று எழுதினீர்கள். அடங்கியபின் அது விளையாடுகிறதா, அல்லது ஒரே கொம்பில் இறகைச் சிலிர்த்து உட்கார்ந்திருக்கிறதா என்பதை ஒருநாள் கேமரா வைத்துப் பாருங்கள்.

நொய்யல்கரை:
வைத்தேன். விடை எனக்குப் பிடிக்கவில்லை. காலை பத்து முதல் மதியம் இரண்டுவரை கொம்பை விட்டு அசையவில்லை, தூங்கவும் இல்லை. மாமியார் முறத்தைக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் இறங்கியது, அதுவும் அவர் அருகில் உட்கார்ந்து கீரை ஆயும்வரை மட்டுமே. இரண்டாவது பறவையைப் பற்றி வீட்டில் பேசத் தொடங்கியிருக்கிறோம், முடிவெடுக்கவில்லை. அதுவரை மாமியார் தினமும் அங்கேயே உட்கார்ந்து கீரை ஆய்வதாகச் சொல்லிவிட்டார்.

அலைபேசி மட்டும் இன்னும் தீரவில்லை. எடுத்தவுடன் கத்துகிறது.

பொறுமை:
எடுத்து எத்தனை நொடியில்?

நொய்யல்கரை:
எண்ணிப் பார்த்தேன், நான்கு.

கொட்டாங்குச்சி:
அப்படியானால் யாரையும் அழைக்காமல் வெறுமனே காதில் வைத்துக்கொண்டு, இரண்டாம் நொடியிலேயே முறத்தில் விதையைப் போட்டுவிட்டு அலைபேசியைக் கீழே வையுங்கள். ஒரு நாளைக்கு இருபது முறை.