புதுப்பிப்பு: மகளோடு லூக்கா போய் வந்தோம்

"இத்தாலியில் ஃபிளாரன்ஸிலிருந்து ஒரு நாள் போய்வர சியன்னாவா, லூக்காவா? கூட வருவது வேலைக்குப் போகும் மகள், எனக்கு முழங்கால் வலி" என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "சியன்னாவில் மேடு ஏறாதீர்கள், லூக்கா போய் ஊரைச் சுற்றியுள்ள அகலமான கோட்டை மதில்மேல் சைக்கிள் விடுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது.

ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே மதில். புல்வெளியைக் கடந்தால் மதிலுக்குள் புகுந்து போகும் குறுக்குவழி உண்டு; ஆனால் அதில் படிகள். கால் வலிக்காரர்களுக்கு சான் பியெத்ரோ வாசல்தான் சரி.

மதில்மேல் 4 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான சுற்று. சமதளம், மர நிழல், கார் தொல்லை இல்லை. இருவர் மிதிக்கும் சைக்கிளை வாடகைக்கு எடுத்தோம். மகள் முன்னால், பின்னால் நான் மிதிப்பதாகப் பேர்!

ஊருக்குள் இருக்கும் குயினிஜி கோபுரத்தில் 200க்கும் மேற்பட்ட படிகள். அவள் மட்டும் ஏறி, உச்சியில் வளரும் ஓக் மரங்களுக்கு நடுவிலிருந்து கையசைத்தாள்.

எதிர்பாராமல் தெரிந்துகொண்டது: பகைவருக்குப் பயந்து 16, 17ஆம் நூற்றாண்டுகளில் எழுப்பிய இந்த மதில், 1812இல் செர்க்கியோ ஆற்று வெள்ளத்திலிருந்து ஊரைக் காத்திருக்கிறது.

அப்புறம், காகித ரயில் டிக்கெட் என்றால் ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அபராதம்.