அப்பாவின் மொய் நோட்டில் ஓர் அத்தை: இலங்கை மஸ்கெலியா பக்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கோத்தகிரி_அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு அறுபது வயதாகிறது. 1974-ல் அப்பா அம்மாவோடு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தோம். ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் டான்டீயில் (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) வேலை என்று நீலகிரியிலேயே தங்கிவிட்டோம். அப்பாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது என்றுதான் வளர்ந்தேன். என் கல்யாணத்தில் நலுங்கு வைக்க அத்தை இல்லையென்று பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான் வைத்தார்.

அப்பா போன தை மாதம் தவறிவிட்டார். அவர் டிரங்குப் பெட்டியில், இந்தியாவுக்குத் திரும்புகிறவர்களுக்குக் கண்டியில் கொடுத்த குடும்ப அட்டையும், 1962-ல் தோட்டத்தில் நடந்த அவர் கல்யாண மொய் நோட்டும் இருந்தன. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐம்பது சதம் என்று வரிசையாகப் போகிறது. நடுவில் ஒரு வரி: 'தங்கச்சி, மஸ்கெலியா. ரூ. 10, வெங்கலச் செம்பு 1.' நோட்டிலேயே பெரிய மொய் அதுதான். அந்தச் செம்பில்தான் நான் தினமும் சாமிக்குத் தண்ணீர் வைக்கிறேன்.

எங்களோடு அதே கப்பலில் வந்த பாட்டி ஒருவரிடம் கேட்டேன். "உங்கப்பனுக்கு இந்தியப் பிரஜாவுரிமை வந்துச்சு. அவ புருஷன் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டுட்டான். பிரிஞ்சது பிரிஞ்சதுதான்" என்றார். 83 கலவரத்துக்குப் பிறகு கடிதமும் நின்றுவிட்டதாம். அத்தை இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார். அவர் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் இருப்பார்களே. எங்கிருந்து தேடுவது?

ஹட்டன்_ஆசிரியர்:
வணக்கம் அம்மா. 1964-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில், நம் தோட்டத் தமிழர்களில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். எங்கள் வீட்டிலும் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். உங்களையெல்லாம் தலைமன்னாருக்கு ஏற்றிப்போன ரயிலை இங்கே 'அழுகைக் கோச்சி' என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். உங்கள் அப்பா பேசாமல் இருந்ததைப் பகை என்று நினைத்துவிடாதீர்கள். பேச முடியாமல் இருந்திருப்பார்.

மஸ்கெலியா என்று மட்டும் வைத்துக்கொண்டு தேடுவது கஷ்டம். பழைய டவுனே மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் போய்விட்டது. சுற்றிலும் நிறையத் தோட்டங்கள். தோட்டத்தின் பெயரும் எந்த டிவிஷன் என்பதும் வேண்டும். பதிவில் ஒரு பெயர் இருக்கும், நம் ஆட்கள் வாயில் வேறு பெயர் இருக்கும். எது கிடைத்தாலும் எழுதுங்கள். பழைய கடித உறை ஏதாவது இருக்கிறதா என்று பெட்டியை இன்னொரு தடவை நன்றாகப் பாருங்கள். தோட்டம் தெரிந்துவிட்டால் அங்குள்ள தொழிற்சங்கத் தலைவர்மாரிடமும் கோயில் கமிட்டியிலும் நானே விசாரிக்கிறேன்.

துறையூர்_பங்காளி:
குடும்ப அட்டையில் பூர்வீக ஊர் போட்டிருக்கும், பாருங்கள். அந்தக் காலத்தில் தோட்டத்திலும் ஊர், வகையறா பார்த்துத்தான் பெண் கொடுத்தார்கள். அதனால் அத்தை வீட்டுக்காரரின் சொந்த ஊரும் உங்கள் ஊருக்குப் பக்கமாகவே இருக்கலாம். அங்கே குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி நோட்டு வைத்திருப்பவரைப் பிடியுங்கள். எங்கள் கோயில் கும்பாபிஷேகத்துக்கு மலையகத்திலிருந்து ஒரு குடும்பம் விலாசம் தேடி வந்தது. பூசாரி வீட்டு நோட்டில் அவர்கள் தாத்தா பெயர் இருந்தது.

குன்னூர்_தம்பி:
ஒன்றே ஒன்று சொல்கிறேன் அக்கா. ஆள் கிடைத்ததும் திடுதிப்பென்று போன் போடாதீர்கள். நாங்கள் தேடிப்போனபோது மாமா வீட்டார், பணமோ பத்திரமோ கேட்டு வருகிறோம் என்று பயந்துவிட்டார்கள். அந்த மொய் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து முதலில் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

கோத்தகிரி_அம்மா:
உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. டிரங்குப் பெட்டியில் விரித்திருந்த காகிதத்துக்கு அடியில் ஓர் ஏர்மெயில் உறை கிடைத்தது, தோட்டப் பெயரோடு. ஹட்டன் ஐயா ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போய் விசாரித்திருக்கிறார்.

அத்தை 2011-ல் தவறிவிட்டார். மகள் கொழும்பில் இருக்கிறார், எனக்கு மதினி முறை, கிட்டத்தட்ட என் வயது. நோட்டுப் படத்தை அனுப்பினேன். பதிலுக்கு அவர் அத்தையின் மரண அறிவித்தலை அனுப்பினார். அதில் கணவர் பெயர், பிள்ளைகள் பெயருக்குப் பிறகு, என் அப்பாவின் பெயரைப் போட்டு '(இந்தியா) அவர்களின் பாசமிகு சகோதரியும் ஆவார்' என்று அச்சாகியிருக்கிறது. நாங்கள் இருக்கிறோமா இல்லையா என்றே தெரியாமல் போட்டிருக்கிறார்கள். எத்தனை தடவை படித்தேனோ. அப்புறம் போனில் பேசினோம். முதலில் இரண்டு பேருக்கும் பேச்சே வரவில்லை.

ஆடியில் மதினி பிள்ளைகளோடு குலதெய்வக் கோயிலுக்கு வருகிறார். துறையூர் ஐயா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அப்பா வந்த பிறகு அத்தைக்குப் பிறந்த வீட்டுச் சீர் எதுவுமே போகவில்லை. அதை இப்போது மகளுக்கு நான் செய்தால் முறைதானே? புடவையும் மஞ்சள் குங்குமமும் போதுமா, வேறு என்ன வைக்க வேண்டும்?