அப்செட்டுக்குத் தமிழ்: ‘கவிழ்ப்பு’ தேறுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதலில் காலை இடறுவது ‘அப்செட்’, அதாவது வெல்லும் என்று எல்லோரும் நினைத்த அணியை எளிய அணி வென்றுவிடுவது. டச்டவுனை டச்டவுன் என்றே விட்டுவிடலாம், யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. அப்செட்டை அப்படி விட முடியவில்லை. நம் பேச்சில் ‘அப்செட் ஆயிட்டான்’ என்றால் மனசு வாடிவிட்டான் என்று பொருள். ‘அலபாமா அப்செட்’ என்று தலைப்பு வைத்தால், அலபாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் வாசிப்பார்கள்.

நாளிதழ்களிடம் ஒரு சொல் இருக்கிறது, ‘அதிர்ச்சித் தோல்வி’. அது தோற்றவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதிய சொல். வென்றவன் பக்கம் போனால் ‘அதிர்ச்சி வெற்றி’ என்கிறார்கள். ஏதோ வென்றவனுக்கே மயக்கம் வந்ததுபோல இருக்கிறது. இரண்டு பக்கமும் சாயாமல் நிகழ்வுக்கு ஒரு பெயர் வேண்டும்.

ஒரு வார இறுதியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். 2024 அக்டோபர் 5, சனிக்கிழமை, நாஷ்வில். அசோசியேட்டட் பிரஸ் (ஏபி) செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் அலபாமா பல்கலைக்கழக அணி முதலிடம். முந்தைய சனிக்கிழமைதான் ஜார்ஜியாவை 41–34 என்று வென்று அங்கே ஏறியிருந்தது. எதிரே வாண்டர்பில்ட், முதல் 25 அணிகளின் பட்டியலிலேயே இல்லாத அணி. படிப்புக்குப் பெயர்போன தனியார் பல்கலைக்கழகம். இந்த இரண்டு அணிகளும் இருக்கும் எஸ்இசி கான்பரன்ஸில், அதாவது தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்பில், பல காலமாக மற்றவர்கள் புள்ளி சேர்க்க வந்துபோகும் இடம். (கான்பரன்ஸை ‘மாநாடு’ என்று எழுதினால் கட்சிக்கொடிதான் நினைவுக்கு வருகிறது. அதை இன்னொரு நாள் பார்ப்போம்.) தரவரிசையின் முதல் ஐந்து இடங்களில் இருந்த அணிகளோடு வாண்டர்பில்ட் அதுவரை ஆடியது 60 ஆட்டம், தோற்றதும் 60. அலபாமாவை அது கடைசியாக வென்றது 1984-இல்.

அன்றைக்கு 40–35. ஆட்டம் முழுக்க ஒருமுறைகூட அலபாமா முன்னிலைக்கு வரவில்லை. முடிந்ததும் கூட்டம் மைதானத்தில் இறங்கி கோல் கம்பத்தைப் பிடுங்கியது. பிடுங்கியதோடு விடவில்லை, தோளில் தூக்கிக்கொண்டு அரங்கை விட்டு வெளியேறி, பாட்டுக் கச்சேரி நடக்கும் மதுக்கடைகள் நிறைந்த பிராட்வே தெரு வழியாக நடந்துபோய், கம்பர்லாந்து ஆற்றில் தள்ளிவிட்டுத்தான் ஓய்ந்தது. இதற்குப் போய் ‘அதிர்ச்சித் தோல்வி’ என்று எழுதினால் ஆற்றுக்குப் போன அந்தக் கூட்டம் கணக்கிலேயே வராமல் போகிறது.

அதே நாளில் 4-ஆம் இடத்து டென்னசி ஆர்கன்சாவிடம் 19–14 என்று தோற்றது. 10-ஆம் இடத்து மிச்சிகன் வாஷிங்டனிடம், 11-ஆம் இடத்து தெற்குக் கலிபோர்னியா மினசோட்டாவிடம். ஞாயிறு மதியம் புதுப் பட்டியல் வந்தபோது அலபாமா 7, டென்னசி 8. முதலிடம் டெக்சாஸுக்கு. வேடிக்கை என்னவென்றால், டெக்சாஸ் அந்த வாரம் ஆடவே இல்லை. மற்றவர்கள் விழுந்ததில் இவர்கள் வீட்டில் இருந்தபடியே மேலே போனார்கள்.

சொல்லுக்கு வருகிறேன். ‘தலைகீழ்த் திருப்பம்’ என்று யோசித்தேன். ஆனால் அதே இரவு மயாமி, கலிபோர்னியா அணியிடம் 35–10 என்று பின்தங்கிக் கிடந்து கடைசியில் 39–38 என்று வென்றதே, திருப்பம் என்றால் அதுதான் திருப்பம். மயாமி 8-ஆம் இடத்து அணி, வெல்ல வேண்டிய அணிதான் வென்றது. அது அப்செட் இல்லை. ‘சாய்ப்பு’ என்று பார்த்தால், எல்லா வெற்றிக்கும் ‘சாய்த்தது’ என்று எழுதி எழுதி அந்தச் சொல்லைத் தேய்த்துவிட்டோம்.

என் முன்மொழிவு ‘கவிழ்ப்பு’. இதன் வசதி தன்வினையும் பிறவினையும் ஒரே வேரில் கிடைப்பது. வாண்டர்பில்ட் கவிழ்த்தது, அலபாமா கவிழ்ந்தது, நடந்தது கவிழ்ப்பு. மேலே இருந்த ஒன்று புரண்டது என்ற பொருளும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் கருத்து?

டாலஸிலிருந்து

* * *

மறு: அப்செட்டுக்குத் தமிழ்

டாலஸ் நண்பருக்கு,

விளையாட்டுப் பக்கத்தில் பல ஆண்டு தலைப்புப் போட்டவன் நான். ‘கவிழ்ப்பு’ எனக்கு ஒட்டவில்லை. அச்சில் அந்தச் சொல்லைப் பார்த்த உடனே வாசகருக்கு முன்னால் ‘ஆட்சி’ என்று ஒன்று தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பேச்சில் இன்னும் மோசம். ‘நல்லா கவுத்துட்டான்யா’ என்றால் கூடவே இருந்து குழி பறித்தான் என்று பொருள். வாண்டர்பில்ட் பையன்கள் குழி பறிக்கவில்லை, நேருக்கு நேர் மோதி வென்றார்கள். நீங்களே சொல்லிவிட்டீர்கள், அலபாமா ஒரு நிமிடம்கூட முன்னிலையில் இல்லை என்று.

‘அதிர்ச்சித் தோல்வி’ ஏன் நிலைத்தது என்பதையும் யோசியுங்கள். இரவு பக்கம் முடிக்கிற நேரத்தில் இரண்டு சொல்லில் அடங்கும். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கலைச்சொல் அகராதியில் அழகாக இருக்கிற பல சொற்கள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன.

சரி, தோற்றவன் பக்கம் சாயக்கூடாது என்பது நியாயம்தான். அப்படியானால் ‘வரிசைமீறல்’ என்று வைக்கலாமே? தரவரிசையில் கீழே இருப்பவன் மேலே இருப்பவனை வெல்வது, அவ்வளவுதானே அப்செட்? பட்டியல் கையில் இருக்கிறது, எண்ணைப் பார்த்துச் சொல்லிவிடலாம். உணர்ச்சிக்கு வேலையில்லை.

பி.கு.: இந்த ஆங்கிலச் சொல்லே ஒரு குதிரையின் பெயரிலிருந்து வந்தது என்று படித்திருக்கிறேன். 1919-இல் சரடோகாவில், தோல்வியே அறியாத மேன் ஓ’ வார் என்ற குதிரையை ‘அப்செட்’ என்ற குதிரை வென்றதாம். நாமும் ஒரு காளையின் பெயரை வைத்துவிடலாம் போலிருக்கிறது.

மதுரையிலிருந்து

* * *

மறு: மறு: அப்செட்டுக்குத் தமிழ்

ஐயாவுக்கும் டாலஸ் நண்பருக்கும் வணக்கம்.

முதலில் குதிரை. பந்தயம் நடந்தது உண்மை; மேன் ஓ’ வார் தன் வாழ்நாளில் தோற்ற ஒரே பந்தயம் அதுதான். ஆனால் அந்தக் குதிரை பிறப்பதற்கு முன்பே, 19-ஆம் நூற்றாண்டுப் பத்திரிகைகளிலேயே, இந்தப் பொருளில் அந்தச் சொல் புழங்கியிருக்கிறது. பொருத்தமான பெயருள்ள குதிரை பொருத்தமான நாளில் வென்றது, அவ்வளவே.

‘வரிசைமீறல்’ பற்றித்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது. ஐயா, எந்த வரிசையை மீறுவது? இங்கே வரிசை ஒன்றா இரண்டா?

ஏபி பட்டியல் 1936-இலிருந்து வாராவாரம் வருகிறது. அறுபது சொச்சம் செய்தியாளர்கள் ஆளுக்கு 25 அணிகளை வரிசைப்படுத்துவார்கள். முதலிடத்துக்கு 25 புள்ளி, கடைசி இடத்துக்கு 1 புள்ளி, எல்லாவற்றையும் கூட்டினால் பட்டியல். பயிற்சியாளர்கள் வாக்களிக்கும் பட்டியல் தனி. நவம்பர் நெருங்கினால் பிளேஆஃப் எனும் பருவ இறுதிப் பட்டப் போட்டிக்கான 13 பேர் கொண்ட தேர்வுக் குழு செவ்வாய்க்கிழமைகளில் தன் பட்டியலை வெளியிடும். பட்டத்துக்கு யார் ஆடுவது என்பதை முடிவு செய்வது அதுதான். மேல்பிரிவில் 130-க்கும் அதிகமான அணிகள், ஆளுக்குப் பன்னிரண்டு ஆட்டம். எல்லோரும் எல்லோரோடும் மோத வழியே இல்லை. அதனால் வரிசை என்பது இங்கே புள்ளி அட்டவணை இல்லை; உட்கார்ந்து பேசி எட்டிய அபிப்பிராயம். 2023-இல் 13 ஆட்டமும் வென்ற புளோரிடா ஸ்டேட்டை, அதன் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்தும் முக்கிய வீரர்) காயத்தால் வெளியே போனதைக் காட்டி, பட்டத்துக்கு ஆடும் நான்கு அணிகளின் பட்டியலில் சேர்க்காமல் விட்டார்கள். ஒரு தோல்வி கண்ட அலபாமா உள்ளே போனது. அந்தக் கோபம் அந்த அணியின் ஊரான தலஹாசியில் இன்னும் ஆறியிருக்காது.

இப்போது 2024 பிளேஆஃபைப் பாருங்கள். 12 அணிகள் ஆடிய முதல் ஆண்டு. கான்பரன்ஸ் பட்டம் வென்ற நான்கு அணிகளுக்கே முதல் நான்கு இடம், முதல் சுற்றில் ஓய்வு என்று விதி. அதனால் குழுவின் பட்டியலில் 9-ஆம் இடத்தில் இருந்த பாய்சி ஸ்டேட், ஆட்ட அட்டவணையில் 3-ஆம் இடம். 12-இல் இருந்த அரிசோனா ஸ்டேட் 4-ஆம் இடம். குழு 4-ஆவதாக மதித்த பென் ஸ்டேட் 6-க்கு இறங்கியது. பிறகு பென் ஸ்டேட் பாய்சியை 31–14 என்று வென்றது. அட்டவணைப்படி 6, 3-ஐ வென்றது, ஐயா சொல்கிற வரிசைமீறல். குழுவின் பட்டியல்படி 4, 9-ஐ வென்றது, ஒன்றுமே மீறப்படவில்லை. ஆட்டத்தைப் பார்த்த யாரும் அதை அப்செட் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஓய்வு பெற்ற நான்கு அணிகளுமே தங்கள் முதல் ஆட்டத்தில் தோற்றன. எண்ணைப் பார்த்துத் தலைப்பு வைத்தால் நான்கு வரிசைமீறல். அடுத்த ஆண்டே அந்த விதியைத் தூக்கிவிட்டு, குழு வைத்த வரிசையே அட்டவணை வரிசை என்று ஆக்கினார்கள்.

இதைவிட நல்ல சான்று 2007 டிசம்பர் 1. ஒரே இரவில் முதலிடமும் இரண்டாமிடமும் தோற்றன. முதலிடத்து மிசௌரியை ஓக்லஹோமா 38–17 என்று வென்றது. ஆனால் அதே ஓக்லஹோமா அக்டோபரிலும் மிசௌரியை வென்றிருந்தது. இரண்டாம் முறை வென்றதில் யாருக்கும் வியப்பில்லை. இரண்டாமிடத்து மேற்கு வர்ஜீனியா கதை வேறு. தன் சொந்த ஊரில், 4 வெற்றி 7 தோல்வியோடு வந்த பிட்ஸ்பர்க்கிடம் 13–9 என்று தோற்றது. பந்தயம் கட்டுவோர் பிட்ஸ்பர்க் 28 புள்ளிக்கு மேல் பின்தங்கும் என்று கணித்திருந்த ஆட்டம் அது. அப்செட் என்றால் அதுதான். வரிசை எண்ணை மட்டும் பார்த்தால் மிசௌரியின் தோல்விதான் பெரிது. எதிர்பார்ப்பைப் பார்த்தால் மேற்கு வர்ஜீனியாவின் தோல்வி அதைவிடப் பல மடங்கு. இந்த இரண்டும் நடந்ததால்தான் 7-ஆம் இடத்தில் இருந்த எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட்) திடீரென்று 2-க்கு ஏறி, இரண்டு தோல்விகளோடு பட்டமும் வாங்கியது.

ஆக, எந்தச் சொல் வந்தாலும் வரையறையில் ‘தரவரிசை’ இருக்கக்கூடாது, ‘எதிர்பார்ப்பு’ இருக்க வேண்டும். ‘கவிழ்ப்பு’க்கு என் ஓட்டு உண்டு, முழு மனசோடு இல்லை.

அட்லாண்டாவிலிருந்து

* * *

மறு: மறு: மறு: அப்செட்டுக்குத் தமிழ்

இருவருக்கும் நன்றி.

அட்லாண்டா அம்மையார் சொன்ன பிறகு ‘வரிசைமீறல்’ விழுந்துவிட்டது என்றே நினைக்கிறேன். அதை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்: அட்டவணையில் கீழே இருப்பவர் மேலே இருப்பவரை வென்றார் என்று புள்ளிவிவரம் எழுதும்போது உதவும். இதோடு இன்னொன்றும் செய்ய வேண்டும். குழு மதிப்பிடும் இடத்தைத் ‘தரவரிசை’ என்றும், அட்டவணையில் கொடுக்கும் இடத்தைப் ‘போட்டித் தரவரிசை’ என்றும் பிரித்தே எழுத வேண்டும். டென்னிஸ் செய்திகளில் இந்த வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது.

ஐயாவின் ‘கவுத்துட்டான்’ எதிர்ப்பை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் படகு கவிழ்கிறது, மாட்டு வண்டி கவிழ்கிறது. அங்கே யாரும் சதி செய்வதில்லை. ‘கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே’ என்ற பழமொழியிலும் சதிவாடை இல்லை. அலபாமா ரசிகர்களுக்கு அன்றிரவு அனுப்பியிருக்க வேண்டியது அது. சதிப்பொருள் வருவது முன்னால் ‘ஆட்சி’ நிற்கும்போதும், பேச்சில் ஆளைச் சொல்லும்போதும்தான். அணியின் பெயரோடு சேர்ந்தால் வராது என்பது என் எண்ணம்.

தலைப்புக்கு ஆகுமா என்ற கேள்விக்கு, தலைப்பாகவே போட்டுப் பார்த்தேன். 2007 செப்டம்பர் 1, ஆன் ஆர்பர் ஆட்டம். மேல்பிரிவுக்கு ஒரு படி கீழே ஆடிய அப்பலாச்சியன் ஸ்டேட், 5-ஆம் இடத்து மிச்சிகனை அதன் சொந்த அரங்கில் 34–32 என்று வென்றது. கடைசி நொடிகளில் மிச்சிகன் அடிக்க முயன்ற ஃபீல்டு கோலை (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து எடுக்கும் புள்ளி) குறுக்கே பாய்ந்து தடுத்துத்தான் வெற்றி உறுதியானது.

‘மிச்சிகனைக் கவிழ்த்தது அப்பலாச்சியன்’: மூன்றே சொல், ஒரு பத்தி அகலத்தில் அடங்கும். ‘மிச்சிகன் அதிர்ச்சித் தோல்வி’ என்று போட்டால் யாரிடம் என்று கேட்டு வாசகர் உள்ளே போக வேண்டும். அந்த ஒரு ஆட்டத்தால் மிச்சிகன் 25 பேர் பட்டியலிலிருந்தே விழுந்தது. கீழ்ப்பிரிவு அணிக்கு வாக்களிக்கக் கூடாது என்ற தன் விதியையும் ஏபி அதன் பிறகு மாற்றிக்கொண்டது.

ஆகவே நம் கலைச்சொல் பட்டியலில் இப்படிச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்: கவிழ்ப்பு, பெயர்ச்சொல். வெல்லும் என்று பரவலாக எதிர்பார்க்கப்பட்ட அணியை எளிய அணி வெல்வது. வினை: கவிழ்த்தல், கவிழ்தல். நாளிதழ் வழக்கு: அதிர்ச்சித் தோல்வி. ஐயா, உங்கள் சொல்லை அகற்றவில்லை, பக்கத்திலேயே உட்கார வைத்திருக்கிறேன்.

‘பை வீக்’குக்கு ‘ஓய்வு வாரம்’ போதும், விவாதமே வேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் ஆட்டத்தின் கால்பகுதிக்கு அவசரமாக ஒரு சொல் வேண்டும். மயாமி அந்த ஆட்டத்தைக் கடைசிக் கால்பகுதியில்தான் மீட்டது. ‘நான்காவது குவார்ட்டரில் மயாமி எழுந்து நின்றது’ என்று எழுதினால் ஊரில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

டாலஸிலிருந்து