டெல்டா 1232-ஐத் துகள் என்று எப்படி ஒத்துக்கொள்வது?

எம்.எஸ்சி. மாணவி:
பயான் என்ற இலேசான துகளைப் புரோட்டானோடு மோதவிட்ட தரவை நேற்று ராத்திரி வரைந்தேன். 1232 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் மோதல் வாய்ப்பு ஒட்டகத் திமில் மாதிரி ஒரு மேடாக எழும்புகிறது, அகலம் அதே அலகில் ஏறக்குறைய 117. இந்தத் திமிலையா டெல்டா என்ற துகள் என்கிறார்கள்? கருவியில் தடம்கூட இல்லையே!

பழைய வாத்தியார்:
தடம் எங்கேயம்மா பதியும்? ஹெச்-பாரை, அதாவது 2π-ஆல் வகுத்த பிளாங்க் மாறிலியை, அந்த அகலத்தால் வகு, ஆயுள் வரும்: சுமார் 6×10⁻²⁴ வினாடி. ஒளி ஒரு புரோட்டானைக் குறுக்கே கடக்கிற நேரம், அவ்வளவுதான். ஆனால் மேட்டை மட்டும் நம்பாதே, மேடு வேறு காரணத்தாலும் வரும். எந்தக் கோணத்தில் எத்தனை துகள் சிதறுகிறது என்ற கோணப் பரவலைப் பார். அதில் டெல்டாவின் தற்சுழற்சி (ஸ்பின்) 3/2 என்று தெரியும். சிதறல் கட்டம், அதாவது மோதலில் துகளின் அலை எவ்வளவு நகர்கிறது என்ற கோணம், 1232-இல்தான் 90 பாகையைத் தாண்டும். எனக்கு அதுதான் சாட்சி.

இன்னொருவர்:
திமில் பிடிக்காவிட்டால் ஜே/சை என்ற துகளின் தரவை வரைந்து பாருங்கள். 1974 நவம்பரில் அமெரிக்காவின் புரூக்ஹேவன், ஸ்டான்ஃபோர்டு ஆய்வகங்கள் இரண்டிலும் சிக்கியது. 3097-இல் குண்டூசி மாதிரி நிற்கும், அகலம் 0.1-கூட இல்லை. உள்ளே சார்ம் என்ற வகைக் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும். சார்ம் தாங்கிய டி மெசான் துகள்கள் இரண்டாக உடைய 3730 வேண்டும். கையில் அவ்வளவு இல்லை. அதனால்தான் சீக்கிரம் சிதையாமல் இழுத்துக்கொண்டு கிடக்கிறது; ஆயுள் நீண்டால் அகலம் சுருங்கும்.

எம்.எஸ்சி. மாணவி:
கோணப் பரவலை வரையாமலே படுத்துவிட்டேன் சார். இன்றைக்கு உட்காருகிறேன்.