அம்பாசிடர் ஒரிஜினல் டேங்கில் இன்ஜெக்‌ஷன்: கால் டேங்குக்குக் கீழே வளைவில் பிரஷர் விழுகிறது

கம்பம்_மார்க்3:
வணக்கம். மார்க் 3, 1489 சிசி பெட்ரோல். இன்டேக் போர்ட் ஜோடி ஜோடியாக ஒட்டியிருக்கும் ஹெட் என்பதால் நாலு இன்ஜெக்டர் போடாமல், காற்று நுழையும் வாயிலேயே பெட்ரோல் தெளிக்கும் த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன், 3 பார். டேங்க் ஒரிஜினல். பழைய சக்‌ஷன் பைப்பிலிருந்தே வெளியே ஒரு இன்லைன் பம்ப் இழுக்கிறது. ரிட்டர்ன் லைன் ஃபில்லர் கழுத்தில் சேர்கிறது. தேனி வரை சமதரையில் குறை இல்லை. லோயர் கேம்ப் தாண்டி குமுளி ஏற்றத்தில், டேங்க் கால்வாசிக்குக் கீழே இருந்தால், வளைவுக்கு வளைவு பிரஷர் 1 பாருக்கு இறங்கி இன்ஜின் விக்குகிறது, பம்பும் கத்துகிறது. டேங்கை வெட்டி உள்ளே பம்ப் வைப்பதா, சர்ஜ் டேங்க் (டேங்குக்கும் ஹை பிரஷர் பம்புக்கும் நடுவில் எப்போதும் நிறைந்திருக்கும் சிறு டப்பா) போதுமா? பின்னால் ஒரிஜினலுக்குத் திருப்ப முடிந்தால் நல்லது.

போடிமெட்டு17:
பம்பில் குற்றம் இல்லை தம்பி. கார்புரேட்டருக்கு ஃப்ளோட் சேம்பர் இருந்தது. சக்‌ஷன் வாய் சில நொடி காற்றை இழுத்தாலும் அதிலிருக்கிற பெட்ரோல் சமாளித்துவிடும். இன்ஜெக்‌ஷனில் அந்தச் சேமிப்பே கிடையாது. வாய் காற்றை விழுங்கிய உடனே பிரஷர் போகும். அந்த டேங்கில் பெட்ரோலை வாய்ப்பக்கம் பிடித்து நிறுத்தும் தடுப்பும் இல்லை.

உங்கள் தேவைக்கு சர்ஜ் டேங்க்தான். கணக்கு பாருங்கள்: இந்த இன்ஜின் 50 குதிரைத்திறன் பக்கம். முழு த்ராட்டிலில் மணிக்கு சுமார் 15 லிட்டர், நிமிடத்துக்கு 250 மில்லி. 1 லிட்டர் பாட் (சர்ஜ் டப்பா) முழு மிதியில் 4 நிமிடம் தாங்கும். கொண்டை ஊசி வளைவு பத்து நொடி விஷயம். 3 லிட்டர் டப்பா தேவையே இல்லை.

பழைய சக்‌ஷன் பைப்பிலிருந்து 3 முதல் 5 பிஎஸ்ஐ கொடுக்கும் லோ பிரஷர் பம்ப், அது பாட்டை நிரப்பும். பாட்டின் அடியிலிருந்து ஹை பிரஷர் பம்புக்கு. ரெகுலேட்டர் (பிரஷரை 3 பாரில் நிறுத்தி மிச்சத்தைத் திருப்பிவிடுவது) ரிட்டர்ன் பாட்டின் மேல்பக்கத்தில். ஓவர்ஃப்ளோ பாட்டின் உச்சியில், அங்கிருந்து மெயின் டேங்குக்கு. ஓவர்ஃப்ளோவை உச்சியில் வைக்காமல் பக்கவாட்டில் வெல்டு செய்துவிட்டால் மேலே காற்று தங்கிவிடும், நிறையவே நிறையாது. அதன் துளை லோ பிரஷர் இன்லெட்டை விடச் சிறிதாகவும் கூடாது. 8 மிமீ வையுங்கள்.

லோ பிரஷர் பம்ப் ஹை பிரஷர் பம்புக்கு ஈடாக இருக்கணும் என்று பலர் தேடி அலைவார்கள். ரிட்டர்ன் பாட்டுக்கே வருவதால் இன்ஜின் குடிக்கிற அளவுக்கு மேல் கொடுத்தால் சரி. மணிக்கு 60 லிட்டர் போதும். அந்த உபரிதான் சுற்றிச் சுற்றிச் சூடான பெட்ரோலை மெயின் டேங்குக்குத் தள்ளிவிடும்.

ஃபில்லர் கழுத்து ரிட்டர்னை முதலில் எடுங்கள். உயரத்திலிருந்து விழுந்து நுரைக்கும். ஓவர்ஃப்ளோவுக்கு டேங்க் மேல் தகட்டில் ஒரு பைப் வேண்டும். உள்ளே அடிக்கு 2 செமீ மேல் வரை இறங்கட்டும், சக்‌ஷன் வாய்க்கு எதிர்ப்பக்கமாக. டேங்கில் செய்கிற ஒரே மாற்றம் அதுதான்.

இடுக்கி_பெட்ரோல்:
அண்ணன் சொன்னது நடக்கும், ஆனால் இரண்டு பம்ப், நாலு ஹோஸ், பத்துப் பன்னிரண்டு கிளாம்ப். ஒவ்வொன்றும் கசிய ஒரு இடம். உள்ளே முங்கிய பம்ப் சத்தம் குறைவு, பெட்ரோலே குளிர்விக்கும், சக்‌ஷன் இழுப்பு இல்லாததால் ஆவிப்பூட்டும் (லைனில் பெட்ரோல் ஆவியாகி ஓட்டத்தை அடைப்பது) குறைவு. டேங்க் ஏற்கெனவே துருவால் ஓட்டை என்றால் நான் அதைத்தான் சொல்வேன். முதலில் டேங்கின் உள் ஆழத்தை அளந்து பாருங்கள். இப்போதைய கார்களின் டேங்க் பம்ப் மாட்யூல் பெரும்பாலும் உயரம். அம்பாசிடர் டேங்குக்கு நிற்காது. பம்பைத் தனியாக பிராக்கெட்டில், சுற்றி ஒரு சிறு தகரக் கிண்ணம் வைத்துத்தான் கட்டணும். முங்கி இருக்கும் ஹோஸ் ஆர்10 வகை. ஆர்9 வெளியே மட்டும்தான். அதன் மேல்தோல் பெட்ரோலில் ஊறினால் உப்பும்.

எந்த வழியானாலும் வெல்டிங்கில் விளையாட வேண்டாம். காலி டேங்க்தான் வெடிக்கும். காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 சதவீதம் இருந்தாலே போதும். டேங்க் அளவு காட்டும் ஃப்ளோட்டைக் கழற்றி, நீராவியில் கழுவி, வெல்டு செய்யும் இடத்துக்கு ஒட்டிக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, மிச்ச இடத்தில் நைட்ரஜன் ஓடவிட்டுச் செய்யணும். சைலன்சர் புகையை உள்ளே விட்டுச் செய்கிற பழக்கத்தை நம்பாதீர்கள்.

கம்பம்_மார்க்3:
நன்றி. சர்ஜ் டேங்க்தான் போகிறேன். டிக்கிக்குள் வைக்கலாமா? கையில் மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்ப் ஒன்று இருக்கிறது, அதைப் போடலாமா?

போடிமெட்டு17:
255 வேண்டாம். 15 லிட்டர் குடிக்கிற இன்ஜினுக்கு மிச்சம் முழுக்க ரெகுலேட்டர் வழியே திரும்பும். ரிட்டர்ன் சிறிதென்றால் ஐடிலில் பிரஷர் 3 பாருக்கு மேலே போய் ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) ஓடும், பெட்ரோலும் சூடேறும். சிறிய காருக்கான 80 முதல் 100 லிட்டர் பம்ப் தாராளம். பழைய டைனமோ இன்னும் இருந்தால் அதுவும் பெரிய பம்ப்பைத் தாங்காது. ஐடிலில் சார்ஜே ஆகாது. முதல் செலவு ஆல்டர்னேட்டர்.

டிக்கியில் வைப்பதென்றால் மூடிய பெட்டி, பெட்டிக்கு வெளிப்பக்கம் வென்ட், பின்சீட்டுக்குப் பின்னால் முழுத் தகடு. எனக்குப் பிடித்த இடம் அடியில், ஆக்சிலுக்கு முன்னால், கவசத் தகட்டோடு. ஹை பிரஷர் பம்ப் பாட்டுக்குக் கீழேயே இருக்கணும்.

ரிலே, 15 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மிமீ வயர். எர்த் பாடியில், பெயின்ட் சுரண்டிய இடத்தில். ஓடும்போது பேட்டரிக்கும் பம்ப் முனைக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. இன்ஜின் நின்றால் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ரிலேயை விடுவிக்க வேண்டும், கூடவே மோதினால் வெட்டும் இனர்ஷியா ஸ்விட்ச். இன்ஜின் பக்கத்து மெக்கானிக்கல் பம்ப்பைக் கழற்றிய ஓட்டையைத் தகடும் கேஸ்கெட்டும் வைத்து மூடியிருக்கிறீர்களா? இன்ஜெக்டர் த்ராட்டில் தட்டுக்கு மேலே இருந்தால் ரெகுலேட்டருக்கு வேக்யூம் குழாய் கொடுக்கக்கூடாது.

செங்கோட்டை_பட்டறை:
ஃபில்டரை யாரும் சொல்லவில்லை. பம்ப்புக்கு முன்னால் 100 மைக்ரான் வலை, பின்னால் 10 மைக்ரான். பேப்பர் ஃபில்டரை முன்னால் போட்டால் பம்ப் கத்தத்தான் செய்யும். உங்கள் சத்தத்தில் பாதி அதுவாகவும் இருக்கலாம். ஹை பிரஷர் பக்கம் திருகு கிளாம்ப் வேண்டாம், ரப்பரை வெட்டும். முழு வளையமாக இறுகும் இன்ஜெக்‌ஷன் கிளாம்ப்.

ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் பழைய துருவையெல்லாம் கிளப்பும். மழைக்காலத்தில் மலைப்பக்கம் அரை டேங்கோடு வண்டி நின்றால் ஈரம் சேர்ந்து, எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கும். சக்‌ஷன் வாய் முதலில் குடிப்பது அதைத்தான். துருவை எடுத்து, நன்றாகக் காயவைத்து, டேங்க் உட்புறத்துக்கு சீலர் பூசுவதானால் எத்தனாலுக்கு ஒத்த வகையா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் தோல் தோலாக உரிந்து வலையை அடைக்கும். டேங்க் மூடியின் காற்றுத் துளையும் திறந்திருக்கணும்.

கேரளாவில் மாற்றங்களைக் கறாராகப் பார்ப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு. ஆர்டிஓவில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

முடித்ததும் சோதனை: ரிட்டர்னைக் கழற்றி அளவு கேனில் விட்டு, 3 பாரில் 30 நொடி ஓட்டுங்கள். 700 மில்லி வந்தால் மணிக்கு 84 லிட்டர் ஆகிறது. நெருப்பணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். பிறகு லைனில் கேஜ் கட்டி, கால் டேங்கோடு அதே குமுளி ஏற்றம். இரண்டு பக்க வளைவிலும் முள் அசையக்கூடாது. அசைந்தால் பாட்டின் ஓவர்ஃப்ளோவைக் கழற்றிப் பாருங்கள், பெட்ரோல் வராமல் காற்று மட்டும் வந்தால் லோ பிரஷர் பக்கம்தான் குறை.