கோல்ஃப் டிரைவரில் தூரம் வரவில்லை: குறை வேகத்திலா, பந்து படும் இடத்திலா?

பொரளைவாசி:
வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சனிக்கிழமை காலைகளில் கொழும்பு ரிஜ்வே மைதானத்தில் கோல்ஃப் ஆடுகிறேன். டிரைவரில், அதாவது தூரத்துக்கு அடிக்கும் பெரிய தலைத் தடியில், பந்து 190 யாருக்கு (கெஜத்துக்கு) மேல் போவதே இல்லை. கூட ஆடுகிறவர்கள் 30 யார் முன்னால் போய் நின்று எனக்காகக் காத்திருக்கிறார்கள். புது டிரைவர் வாங்குவதா, ஜிம்முக்குப் போவதா, ஸ்விங்கை, அதாவது தடியை வீசும் விதத்தை, மாற்றுவதா? கொழும்பின் ஈரக் காற்று பாரமானது, அதுதான் பந்தை இழுக்கிறது என்றும் ஒருவர் சொன்னார்.

வேகமே_வேதம்:
அண்ணை, தூரம் என்றால் வேகம்தான். பாரம் குறைந்த தடியை முழு வேகத்தில் வீசிப் பழகுங்கள். காலுக்கும் இடுப்புக்கும் ஜிம். அமெரிக்க கோல்ஃப் வீரர் டிஷாம்போவைப் பாருங்கள், உடம்பை ஏற்றிக்கொண்டு வந்து 2020 யூ.எஸ். ஓப்பனை 6 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். 56 ஃபெயார்வேயில் (நடுவே புல் வெட்டிய பாதை) பந்து பிடித்தது 23 மட்டும். நேராக அடிக்க வேண்டும் என்ற கதையெல்லாம் அன்றோடு முடிந்தது.

ஏழாம்_நம்பர்:
தம்பி, டிஷாம்போ நீளப் புல்லுக்குள் கிடந்தாலும் வெட்ஜால் (பந்தை உயரத் தூக்கும் தடி) தூக்கி, குழி இருக்கும் கிரீனில் போடுவார். ரிஜ்வேயில் பந்து கோணினால் கிடைப்பது புல் அல்ல, தண்ணீர். அதுவும் தப்பினால் நடுவே போகும் களனிவெளி ரயில் பாதை.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 90 மைல் வேகத்தில் வீசி, பந்து தடி முகத்தின் நடுவில் பட்டால் பந்து ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, அதாவது 135 மைலில் கிளம்பும். ஓரத்தில் பட்டு அந்த மடங்கு 1.35 ஆகக் குறைந்தால் 121 மைல்தான். கையில் இருந்த 25 யார் அளவு அங்கேயே போய்விட்டது. ஓரத்திலேயே அடித்துக்கொண்டு அதை மீட்க 100 மைலில் வீச வேண்டும். ஐம்பது வயது முதுகு அதற்குச் சம்மதிக்குமா?

பொரளைவாசி, புத்தகக் கடையில் ஒரு வைட்போர்ட் மார்க்கர் வாங்கி டிரைவரின் முகம் முழுக்கப் பூசுங்கள். பந்து பட்ட இடத்தில் மை அழிந்திருக்கும். ஒவ்வொரு அடிக்கும் துடைத்துத் திரும்பப் பூச வேண்டும். புது டிரைவர் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கலாம்.

வேகமே_வேதம்:
அந்த ஒன்றரை மடங்கு ஒரு கூரை, அண்ணை. முகம் எவ்வளவு துள்ளலாம் என்பதற்கு விதியே இருக்கிறது. நடுவில் பட்டாயிற்று, அப்புறம்? வயது ஏற ஏற வேகம் தானாகக் குறையும். பழகாவிட்டால் நடுவில் அடித்துக்கொண்டே பின்னால் போவீர்கள். கவனம், கவனம் என்று விசிறி வீசுவது போல ஆடுகிறவர்களைப் பயிற்சி ரேஞ்சில் நிறையப் பார்க்கிறேன்.

ஏழாம்_நம்பர்:
வேகம் வேண்டாம் என்று யார் சொன்னது? வரிசையைத்தான் சொல்கிறேன். அடுத்தது பந்தை மேல்நோக்கி அடிப்பது. பந்தை இடது குதிக்கு நேராக வையுங்கள், பாதிப் பந்து டிரைவருக்கு மேலே தெரியும்படி டீயை (பந்தைத் தாங்கும் குச்சி) உயர்த்துங்கள், வலது தோள் சற்றுத் தாழட்டும். கீழ்நோக்கி வெட்டினால் பந்து கூடுதலாகச் சுழன்று மேலே ஏறி நின்று விழும். ஜிம்முக்குப் போய் வந்தாலும் அது மாறாது.

மலையகத்தான்:
காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஈரக் காற்று பாரம் என்பது தவறு. நீராவி நைதரசனையும் ஒட்சிசனையும் விட இலேசானது, வெப்பமும் காற்றின் அடர்த்தியைக் குறைக்கும். கொழும்பில் தூரத்தைத் தின்பது நனைந்த ஃபெயார்வே, பந்து உருளாது. நுவரெலியாவுக்கு வாருங்கள். 6,000 அடிக்கு மேல், காற்று மெல்லியது. அதே ஸ்விங்கில் தூரம் கூடும், செலவும் கூடும்.

பொரளைவாசி:
மார்க்கர் பூசிப் பார்த்தேன். அழிந்த இடமெல்லாம் குதிப் பக்கம், தண்டுக்குக் கிட்ட. நடுவில் மை அப்படியே இருக்கிறது.

ஏழாம்_நம்பர்:
பந்துக்கு மிக அருகில் நிற்கிறீர்கள், அல்லது இறங்கும்போது இடுப்பு முன்னால் தள்ளுகிறது. அரை அடி எடுத்து வைக்க வேண்டாம், இரண்டு விரல் அளவு பின்னால் நகர்ந்து பாருங்கள். பிடியையும் தளர்த்துங்கள்.

வேகமே_வேதம்:
சரி, நடுவில் படட்டும். அந்த 30 யாரும் முழுதாக வராது, பந்தயம்.

ஏழாம்_நம்பர்:
பந்தயம். ஆனால் ரேஞ்சின் தேய்ந்த பந்தில் அளக்கக் கூடாது. உங்கள் சொந்தப் பந்தில், ரிஜ்வேயில், மழை பெய்யாத சனிக்கிழமையில்.