லைஃப் ஜாக்கெட்: மேலே நல்லா இருக்கு, உள்ளே?

நாகப்பட்டினம் பக்கம் ஃபைபர் போட்ல தொழிலுக்குப் போறவன் நான். போன வருஷம் அண்ணன் மகன், 10 வயசு, நீச்சல் பழகணும்னு நின்னான். போட்ல கிடந்த ஜாக்கெட்டை மாட்டி, என் நெஞ்சளவு தண்ணியில விட்டு, "காலைத் தூக்குடா"ன்னேன். தூக்கினான். வாயும் மூக்கும் தண்ணிக்குள்ள போயிருச்சு. கைக்கெட்டுற தூரத்துல நின்னதால அள்ளிட்டேன். அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்லை. அதே ஜாக்கெட்டை நம்பித்தானே ஆறு வருஷமா நான் கடலுக்குப் போனேன்!

மறுநாள் அறுத்துப் பார்த்தேன். மேல்துணி கொஞ்சம் வெளுத்திருந்துச்சே தவிர கிழிசல் கிடையாது. உள்ளே இருந்த ஃபோம் அப்பளமா சப்பிப் போயிருந்துச்சு. விரலால அழுத்தினா குழி அப்படியே நிக்குது, எழும்பி வரலை. தையல் நூலை நகத்தால சுரண்டினேன், பொடியா உதிர்ந்துச்சு. நூல் வெயில்ல போனது. ஃபோமைக் கெடுத்தது நாங்கதான். வலை இழுத்துட்டு அது மேலதான் உட்காருவோம், ஐஸ் பெட்டியையும் அது மேலதான் வைப்போம்.

இப்ப கரைக்கு வந்ததும் நல்ல தண்ணியில அலசி, நிழல்ல கொடியில தொங்கவிடுறேன். டீசல் கேன் பக்கமே வைக்கிறதில்லை. மாசம் ஒருக்கா மாட்டிக்கிட்டு தோளளவு தண்ணியில இறங்கி காலைத் தூக்கிப் பார்க்கிறேன். நாடி தண்ணிக்கு மேல நிக்கணும்.

*

அண்ணே, நான் சரக்குக் கப்பல்ல இருக்கேன். எங்ககிட்ட காத்து நிரம்புற ரகமும் உண்டு. அதுல ஒரு சின்ன மாத்திரை இருக்கும். தண்ணி பட்டா கரையும், உடனே சிலிண்டர் திறந்து காத்து நிரம்பும். ஈரமான அலமாரியில வச்ச ஒண்ணு நடுராத்திரி தானா 'புஸ்'ஸுன்னு ஊதிக்கிச்சு. அதாவது பரவாயில்லை. இன்னொண்ணுல சிலிண்டர் மரை கழண்டு ஆடிட்டு இருந்துச்சு, அது தண்ணியில திறந்தே இருக்காது. கையால முறுக்கிப் பாருங்க. சிலிண்டர்ல பொறிச்சிருக்கிற எடையோட தராசு எடை ஒத்துப்போகணும். பைக்குள்ள ஓட்டை இருக்கான்னு பார்க்க வாயால ஊதி ஒரு ராத்திரி வைங்க. ஊதின நிலையில மட்டும் சிலிண்டரைத் திறந்துராதீங்க, பை வெடிச்சாலும் வெடிச்சுரும். கப்பல்ல இதுக்கு வருஷம் ஒரு சர்வீஸ் கட்டாயம்.

*

முதல்ல எழுதின அண்ணனுக்கு ஒண்ணு சொல்லணும். அந்தப் பிள்ளைக்கு மாட்டினது பெரியவங்க ஜாக்கெட்தானே? ஃபோம் நல்லா இருந்திருந்தாலும் மேல ஏறிக்கிட்டு, தலை உள்ள நழுவியிருக்கும். படகுச் சவாரி நடக்கிற இடத்துல ஜாக்கெட் கொடுத்து வாங்குற வேலை எனக்கு. கிளிப் எல்லாம் போட்டு, வாரை இறுக்கி, ரெண்டு தோள்பட்டையையும் பிடிச்சு மேல தூக்கிப் பார்ப்பேன். காது வரைக்கும் வந்துச்சுன்னா அந்தப் பிள்ளைக்கு அது ஆகாது. உள்பக்க லேபிள்ல எத்தனை கிலோ ஆளுக்குன்னு போட்டிருக்கும். துவைக்கும்போது அந்த லேபிளைத் தேய்ச்சு அழிச்சுராதீங்க. பிளீச்சிங் பவுடரும் வேண்டாம்.

*

நன்றிம்மா, எனக்கு இது தோணவே இல்லை. அவன் எடை 28 கிலோ. சின்ன ஜாக்கெட் ஒண்ணு வாங்கியாச்சு. நேத்து நீங்க சொன்ன மாதிரி தோளைப் பிடிச்சுத் தூக்கினேன். ஜாக்கெட் நழுவலை, அவன்தான் சேர்ந்து எழும்பினான்.